அருமைப் படிகளும் பெருமித உணர்வும்

முன்னுரை

எளிதிற் கிட்டிய பொருளினும் அரிதின் முயன்று பெற்ற பொருளையே மனித மனம் பெரிதாகப் போற்றுகின்றது. இவ்வுண்மை இன்றைய கணினி, கைப்பேசி விளையாட்டுகளில் புதிய வடிவம் பெற்றுள்ளது. சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே கரிசல் நிலத்தில் அமைந்த திருவேங்கடம் போன்ற ஊர்களின் இளைஞர் கைகளிலும் இவ்விளையாட்டுகள் இடம்பெற்றுவிட்டன. இவற்றை வீண்பொழுது என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், பாடநூலை அரைமணி நேரம் ஊன்றிப் படிக்கச் சலிப்படையும் மாணவரே, விளையாட்டின் கடினமான கட்டமொன்றில் பன்முறை தோற்றும் தளராது மீண்டும் முயல்கின்றார். இது ஏன் என்னும் வினா ஆசிரியர் சமுதாயம் எண்ணிப் பார்க்கத்தக்கது. அதற்கு விடை காணும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

உவகையும் பெருமிதமும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுகின்றது. அவற்றுள் உவகைக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டு வைக்கப்பட்டுள்ளது. பெருமிதமோ கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கன் வழிப் பிறப்பதாகச் சொல்லப்படுகின்றது. எனவே, விளையாட்டு தன்னளவில் தருவது உவகையே; பெருமிதம் அன்று. அதனுள் கற்றுத் தேறவேண்டிய திறனும், தோல்விக்கு அஞ்சாத தறுகண்மையும் சேரும்பொழுதே உவகை பெருமிதமாக உயர்கின்றது என நாம் கொள்ளலாம். யானையைக் குறிவைத்துத் தவறிய வேல், முயலை வீழ்த்திய அம்பினும் இனிது என்னும் வள்ளுவர் கருத்தும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

நம் மரபில் படிநிலைகள்

இப்படிநிலைகள் நமக்குப் புதியன அல்ல. தென்மாவட்டச் சிற்றூர்களில் கிடந்த இளவட்டக்கல்லை முழங்கால் வரை தூக்குதல் ஒரு நிலை. மார்பளவு ஏற்றுதல் அடுத்த நிலை. தோளில் ஏற்றிப் பின்புறம் வீசுதல் நிறைநிலை. சிறுமியர் ஆடும் சில்லுக்கோட்டிலும் சில்லை எறியும் கட்டம் தள்ளித்தள்ளிச் செல்லும். எல்லாக் கட்டங்களையும் வென்றவள் ஒரு கட்டத்தைத் தனக்குரியதாக்கி, அதில் இரு கால்களையும் ஊன்றி இளைப்பாறும் உரிமை பெறுகின்றாள். அவ்வுரிமையே அவள் ஈட்டிய விருது.

புலமையுலகிலும் இதனைக் காணலாம். எட்டுச் செயல்களில் ஒருசேரக் கவனம் செலுத்துவது அட்டாவதானம், பத்தாயின் தசாவதானம், பதினாறாயின் சோடசாவதானம், நூறாயின் சதாவதானம். மணியோசையை எண்ணிக்கொண்டே, முதுகில் எறியப்படும் மலர்களையும் எண்ணி, கொடுத்த ஈற்றடிக்கு வெண்பாவும் பாடுதல் எத்துணை அருமை என்பது சொல்லாமலே விளங்கும். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியிற் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950), 1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களையும் நிகழ்த்திக் காட்டிச் ‘சதாவதானி’ என்னும் பட்டத்தைப் பெற்றார். அறிஞர் அவையில் அனைவரும் காண ஈட்டிய பட்டமாதலின், அஃது அவர் பெயரோடு பிரியாது நின்றது.

கணினி விளையாட்டின் விருதுகள்

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆக்டிவிசன் நிறுவனம், தன் விளையாட்டுகளில் குறித்த மதிப்பெண்ணை எட்டியோர் தொலைக்காட்சித் திரையை நிழற்படமெடுத்து அஞ்சலில் அனுப்பினால், சட்டையில் தைத்துக்கொள்ளும் துணிச்சின்னம் ஒன்றை வழங்கிற்று. 2005இல் மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 இவ்வழக்கத்தை மின்வடிவில் முறைப்படுத்தி ஒவ்வோர் அருஞ்செயலுக்கும் புள்ளிகள் அளித்தது. 2008இல் சோனியின் பிளேஸ்டேசன் 3 வெண்கலம், வெள்ளி, பொன், பிளாட்டினம் எனக் கோப்பைகளை வகுத்தது. ஸ்டீம் என்னும் தளமோ, ஆடுவோருள் எத்தனை விழுக்காட்டினர் ஒரு விருதைப் பெற்றனர் என்பதையும் காட்டுகின்றது.

2007இல் வெளிவந்த ‘அவதார்: தி பர்னிங் எர்த்’ என்னும் விளையாட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 வடிவில், சில நிமிடங்களிலேயே 1000 புள்ளிகளையும் பெற்றுவிடலாம். புள்ளிக் கணக்கில் அது பெருஞ்செல்வம். ஆயினும் ஆடுவோரிடையே அது நகைப்புக்குரிய எடுத்துக்காட்டாகவே நிலைத்துவிட்டது. புள்ளி வேறு, பெருமிதம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அருமைக்கும் அளவுண்டு

அவ்வாறாயின் கடினம் மிகமிக நிறைவும் மிகுமோ எனின், அன்று. அங்கேரிய மரபினரான உளவியலறிஞர் மிகாய் சிக்சென்ட்மிகாயி 1975இலும் 1990இலும் வெளியிட்ட நூல்களில் இதனை விளக்கியுள்ளார். திறனினும் பணி எளிதாயின் சலிப்பும், திறனினும் பணி மிகக் கடிதாயின் கலக்கமும் தோன்றும். இரண்டும் ஒத்து நிற்குமிடத்தே மனம் செயலில் தோயும் என்பது அவர் கருத்து.

2019இல் வந்த ‘செகிரோ’ ஆடுவோர்க்கு எளியநிலைத் தேர்வு எதனையும் தரவில்லை. 2018இல் வந்த ‘செலஸ்ட்’, வேண்டுவோர் வேகத்தைக் குறைத்துக்கொள்ள இடமளித்தது. இரண்டும் பெரும் பாராட்டைப் பெற்றன. ஒருவர்க்குச் சிறுபடி மற்றவர்க்குப் பெருமலை. ஆகவே அருமை என்பது பணியில் மட்டுமன்றி, ஆள்வோன் ஆற்றலையும் சார்ந்தது என்பது பெறப்படும்.

பரிசினும் ஊறு விளைதல் உண்டு. 1973இல் லெப்பர், கிரீன், நிசுபெட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், படம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என முன்னரே சொல்லப்பட்ட மழலையர், பின்னர்த் தாமாக வரைவதில் முன்னிலும் குறைந்த ஆர்வமே காட்டினர். பரிசுக்காகவே செய்யத் தொடங்கின், செயலின் சுவை குன்றுகின்றது.

வகுப்பறைக்கு ஒரு பாடம்

விளையாட்டில் தோற்பவர் இழப்பது சில நிமிடங்களே. உடனே மீண்டும் தொடங்கலாம். தேர்வில் தோற்பவரோ பல திங்கள் காத்திருக்க நேர்கின்றது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி புகுந்தவராயின், படிப்பையே இழக்கவும் கூடும். தோல்வியின் விலை மிகுதியாதலால் மாணவர் எளிய வினாவையே நாடி, மனப்பாடத்தில் ஒதுங்குகின்றனர். இது சோம்பலன்று, அச்சம்.

ஆகவே, யாப்பு கற்பிக்குங்கால் அசையும் சீரும் பிரித்தல், தளை காணுதல், குறள்வெண்பா இயற்றல், நேரிசை வெண்பா இயற்றல் எனப் படிகளை வகுத்து, ஒவ்வொரு படியிலும் தளை தட்டினால் மதிப்பெண் குறைக்காது பன்முறை திருத்தி எழுத இடந்தருதல் வேண்டும். அடுத்த படி எட்டுந் தொலைவில் இருத்தல் வேண்டும்; ஆயின் எட்டிப் பிடிக்காமற் கைக்கு வருதலும் கூடாது.

முடிவுரை

திரையில் மின்னும் கோப்பை, ஆட்டம் முடிந்தபின் மங்கிவிடும். தானே இயற்றிப் பிழையறத் திருத்திய ஒரு வெண்பா, மாணவர்க்கு வாழ்நாள் முழுதும் நின்று நிலைக்கும். விளையாட்டில் காட்டும் விடாமுயற்சி நம் மாணவரிடம் இல்லாததன்று. அதனைக் கல்வியின்பாற் செலுத்தும் படிக்கட்டினை அமைத்துத் தருதல் நம் கடனாகும்.