சட்டப் பரீட்சையும் மனப்பாடமும்

கற்றதை ஒப்புவித்தலே பரீட்சை என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. சட்டப் பட்டப் பரீட்சையின் முன் அவ்வெண்ணம் எவ்வாறு நிலைகுலைகின்றது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டு தொடக்கம் வெளிவாரி மாணாக்கருக்கும் தன் பரீட்சைகளைத் திறந்துவிட்டது. அதன் சட்ட இளமாணிப் பட்டத்துக்கு இலங்கையிலிருந்தே தோற்றுவோர் இன்றும் உளர். ஆங்கிலநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இப்பட்டத்துக்குரிய வினாக்கள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒரு சட்டத்தின் நிறை குறைகளை ஆராயுமாறு கேட்பது கட்டுரை வினா. கற்பனைச் சம்பவமொன்றைக் கூறி, அதிற் சம்பந்தப்பட்டோருக்குச் சட்ட ஆலோசனை வழங்குமாறு கேட்பது பிணக்கு வினா. சில பாடங்களுக்குச் சட்டத் தொகுப்பு நூலையே மண்டபத்துட் கொண்டுசெல்லவும் அனுமதியுண்டு. எனவே, அங்கே அளக்கப்படுவது நினைவாற்றல் மட்டும் அன்று.

ஓர் உதாரணம் காண்போம். 1928இல் ஸ்கொத்லாந்திலே திருமதி டொனகியூ என்பார், தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சிப் பானத்தைப் பருகினார். போத்தலுள் அழுகிய நத்தை கிடந்ததெனவும், அதனால் தாம் நோயுற்றதாகவும் கூறி, பானத்தைச் செய்தவர்மீது வழக்கிட்டார். பொருளைச் செய்பவர் அதனை இறுதியில் நுகர்வோருக்கும் அவதானக் கடமை உடையவர் எனப் பிரபுக்கள் சபை 1932இல் தீர்த்தது. அப்போத்தல் உள்ளே காணமுடியாத நிறமுடையது. இடையிலே எவரும் சோதித்தறிய வழியிருக்கவில்லை.

பரீட்சகர் இக்கதையை அவ்வாறே கேளார். போத்தலைத் தெளிந்த கண்ணாடியாக்கி, விற்றவரும் குடித்தவரும் உள்ளிருந்ததைக் கண்டிருக்கலாம் என மாற்றிவிடுவார். தீர்ப்பை வரிதவறாது எழுதும் மாணாக்கன் இங்கே இடறுவான். பிணக்கு யாது, அதற்குரிய விதி யாது, இச்சம்பவத்துக்கு அவ்விதி எம்மட்டிற் பொருந்தும், முடிபு யாது என முறையே ஆராய்பவனே உயர்புள்ளி பெறுவான். அங்கே பொதுவாக 40 புள்ளி சித்திக்குப் போதும். முதல் வகுப்புக்கு 70 வேண்டும். விதியை மட்டும் அறிந்தவனுக்கும் அதனைப் பொருத்த அறிந்தவனுக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே.

இக்குறைக்குத் தமிழாசிரியராகிய நாமும் உடந்தையே. இலக்கண வகுப்பிலே சூத்திரத்தை ஒப்புவிக்கச் செய்தோம். உதாரணத்தையும் நாமே கொடுத்து, அதனையே பரீட்சையிலும் கேட்டோம். மாணாக்கர் முன்பின் காணாத சொல்லொன்றைக் கொடுத்து, "இது எவ்விதியால் முடிந்தது? காரணங் கூறுக" என வினவியது அரிது. அவ்வாறு வினவியிருப்பின், சட்டங் கற்கச் சென்ற நம் பிள்ளைகள் முதலாண்டிலே திகைத்திரார்.

ஆதலின், அன்பார்ந்த மாணவர்காள்! விதியை மனத்திற் பதித்தபின் நூலை மூடிவிடாதீர். அதன் உதாரணத்தில் ஒரு சிறு மாற்றஞ் செய்து, விதி அப்போதும் நிற்குமா என உம்மையே வினவிப் பழகுவீராக.