ஒற்றையாட்டமும் குதிரையின் உலாவும்

கணிப்பொறி விளையாட்டுகள் இருவகைப்படும். ஒருவர் தாமே இருந்து ஆடி முடிப்பது ஒன்று. பலர் இணையவழிக் கூடி ஒருவரையொருவர் வெல்ல முயல்வது மற்றொன்று. விடுதித் தோழர் பலர் பின்னதையே விரும்புகின்றனர். முன்னதை விரும்பும் என்னைப் போன்றாரைத் 'தோல்விக்கு அஞ்சுவோர்' என நகையாடுவதும் உண்டு. இக்கூற்றுப் பொருந்துமா என்பதை மைசூர்ச் சான்று ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

மைசூர்த் தேவராஜ மொஹல்லாவில் உள்ளது ஜகன்மோகன அரண்மனை. 1861-இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் கட்டியது. ஓவியக் கூடமாகவே பலரும் இதனை அறிவர். ஆயின் அதன் சுவர்களில் பலகையாட்டங்களும் தீட்டப்பட்டுள்ளன. அவை அவ்வரசரின் ஆர்வத்திற்குச் சான்று. அவர் தொகுப்பித்த 'ஸ்ரீதத்துவநிதி'யின் ஒன்பதாம் பகுதியாகிய கௌதுகநிதி விளையாட்டுகளைப் பற்றியதே. 1799-இல், ஐந்து வயது நிறையும் முன்னரே, அரியணை ஏறியவர் அவர். 1831-இல் ஆட்சிப் பொறுப்பு ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 1868 வரை வாழ்ந்தார். ஆட்சி போனமையால்தான் ஆட்டத்தில் ஆழ்ந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. எனினும் அந்நெடிய ஆண்டுகளை எண்ணாதிருக்க இயலவில்லை.

அவர் வகுத்த ஆட்டங்களுள் என்னைக் கவர்ந்தது குதிரையின் உலா. சதுரங்கப் பலகையில் குதிரை ஒன்றே நிற்கும், எதிரி இல்லை. அறுபத்துநான்கு கட்டங்களையும், எதையும் இருமுறை மிதியாமல், அது சுற்றிவர வேண்டும். உடையார் இத்தகைய உலாக்கள் பலவற்றை அமைத்தார். நம் காஞ்சியில் பிறந்த வேதாந்த தேசிகரும் பாதுகா சகஸ்ரத்தில், 32 எழுத்துள்ள ஒரு செய்யுளைக் குதிரைநடையில் படித்தால் மற்றொரு செய்யுள் கிடைக்குமாறு பாடியுள்ளார்!

மூலையில் நிற்கும் குதிரைக்கு இரண்டே வழிகள். நடுவில் நிற்பதற்கு எட்டு. ஆகவே கைபழகாதவர் நடுவிலேயே திரிந்து, மூலைகளைப் பின்னர்ப் பார்ப்போம் என்று விடுவர். இறுதியில் அம்மூலைகளே அவரைத் தடுக்கும். வார்ன்ஸ்டார்ஃப் என்பார் 1823-இல் வெளியிட்ட விதி இதற்கு மருந்து: அடுத்து எக்கட்டத்திலிருந்து மேற்செல்லும் வழிகள் மிகக் குறைவோ, அங்கே முதலில் பாய்க.

இனி அச்சத்தைப் பற்றிய வினா. இருவர் ஆடும் ஆட்டத்தில் எதிரி கண்ணயர்ந்தால் நமக்கு வெற்றி கிடைக்கும். நம் திறம் அதனால் ஒரு சிறிதும் வளர்வதில்லை. குதிரையின் உலாவிலோ அறுபதாம் கட்டத்தில் சிக்கிக்கொண்டால், பழி சுமத்த எதிரே ஒருவரும் இலர். கணிப்பொறியில் தனித்து ஆடும்போதும் நான் விரும்புவது இதுவே: தோற்ற இடத்திற்கே மீண்டு, தோல்வியின் காரணத்தைத் தேடும் ஓய்வு. போட்டியாட்டத்தில் அதற்குள் அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும். பிறர் மனத்தைக் கணிக்கும் திறன் போட்டியில்தான் வளரும் என்பதை மறுப்பதற்கில்லை. அது வேறொரு கல்வி. நம் பாட்டிமாரும் பல்லாங்குழியை இருவராக ஆடியதோடு, ஒருவரே ஆடும் சீதைப்பாண்டியையும் வைத்திருந்தனர். அவர்களை யாரும் அஞ்சியவர் என்றதில்லை.

ஐயமுடையார், தாளில் ஐந்துக்கு ஐந்து கட்டமிட்டு, மூலைகள் கறுப்பாக வருமாறு மாறி மாறி நிறந்தீட்டுக. மூலையில் தொடங்கினால் உலா முடியும். மூலையை அடுத்த கட்டத்தில் தொடங்கினால் எத்துணை முயன்றும் முடியாது. குதிரை ஒவ்வொரு பாய்ச்சலிலும் நிறம் மாறும். கறுப்பு பதின்மூன்று, வெள்ளை பன்னிரண்டு. வெள்ளையில் தொடங்கினால் ஒரு கறுப்புக் கட்டம் எஞ்சியே தீரும்.