மாட்டுக் கொட்டிலிற் படுக்கைச் செலவு

மாடுகள் படுப்பதற்காகக் கொட்டிலின் நிலத்திற் பரப்பப்படும் வைக்கோல், உமி, மரத்தூள் முதலியன படுக்கை எனப்படும். நெற்செய்கையோடு இரண்டொரு பசுக்களையும் வளர்க்குங் கமக்காரர் பலர் இதனை ஒரு செலவாகக் கருதுவதில்லை. வைக்கோல் தம் வயலில் விளைவதன்றோ என்பர். ஆனாற் காலபோகம் ஒன்றே செய்யும் இடங்களில், மாசி பங்குனியிற் சேர்த்த வைக்கோல் மார்கழி வரை தீனுக்கும் படுக்கைக்கும் போதல் வேண்டும். ஐப்பசி மழையாற் கொட்டில் ஈரமாகிப் படுக்கை மிகுதியாக வேண்டப்படுங் காலத்திலேயே வைக்கோற் போரும் தீர்ந்துவிடுகிறது. பிறகு வாங்கும் ஒவ்வொரு கட்டுக்கும் பணங் கொடுக்க வேண்டும். அறுவடை இயந்திரம் வைக்கோலை வயலிற் சிதறிச் செல்லும் இக்காலத்தில், சொந்த வைக்கோலைச் சேர்ப்பதற்குங் கூலி உண்டு.

ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 3 கிலோகிராம் பரப்பி, மறுநாட் காலை முழுவதையும் வாரி எறிபவர் ஓராண்டில் 1,095 கிலோகிராம் வைக்கோலைச் செலவிடுகிறார். நெல்லின் நிறைக்கு ஏறக்குறையச் சமமாக வைக்கோல் கிடைக்குமெனக் கொண்டால், இஃது ஏக்கருக்கு 1,500 கிலோகிராம் நெல் விளையும் வயலின் வைக்கோலில் முக்காற் பங்கிற்குச் சமீபமாகும். ஆயினும் படுக்கையைக் கையாற் கிளறிப் பார்த்தால், சாணமுஞ் சிறுநீரும் விழும் பின்பக்கமே பெரும்பாலும் நனைந்திருக்கக் காணலாம். நனைந்ததை மட்டும் அகற்றி, முன்பக்கத்தில் உலர்ந்திருப்பதைப் பின்னே தள்ளிச் சிறிது புதிது சேர்த்தல் வேண்டும். இவ்வாறு நாளுக்கு 1 கிலோகிராம் போதுமாயின், ஆண்டில் 730 கிலோகிராம் மிஞ்சும். மாடு தின்னாது கழித்த தண்டுகளையும் படுக்கையிற் சேர்த்துக்கொள்க. பூஞ்சணம் பிடித்த வைக்கோல் இதற்கும் ஆகாது.

நிலத்திற் சரிவில்லையேல் எவ்வளவு வைக்கோலும் போதாது. 8 அடி நீளமான நிலத்திற்கு இரண்டரை அங்குலச் சரிவு கொடுத்து, பின்புறத்தில் ஒரு சிறு வாய்க்கால் அமைத்தல் நன்று. கூரை ஒழுக்கையும் முதலில் அடைத்துவிட வேண்டும். வைக்கோல் வாங்குவதிலும் கிடுகு மாற்றுதல் இலாபமானது.

வைக்கோலுக்குப் பதிலாக உமி மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அது ஈரத்தை நன்கு உறிஞ்சாது. தென்னந் தும்புத்தூள் தன் நிறையிற் பல மடங்கு நீரைப் பிடிக்கும். உப்புநீரில் ஊறிய மட்டையின் தூளைத் தவிர்த்துக்கொள்க. அதிலுள்ள உப்பு பின்னர்த் தோட்டத்தைச் சேரும். மரத்தூள் நனைந்து கிடந்தாற் பால் தரும் பசுவுக்கு மடியழற்சி உண்டாகலாம். அன்றியும் மக்காத மரத்தூளை மண்ணிலிட்டால், அது மக்கும்போது பயிருக்குரிய நைதரசனைத் தானே கவர்ந்துகொள்ளும்.

சிக்கனங் கருதிப் பசுவை ஈரத்திற் படுக்கவிடலாகாது. குளம்பு மெலிவதும் மடி நோயுறுவதும் வைக்கோலின் விலையிலும் பெருநட்டமாகும். குனிந்து நிற்கையில் அமோனியா நெடி மூக்கிலேறினால், படுக்கை போதவில்லையென்று அறிக. அந்நெடி காற்றோடு போகும் நைதரசனேயாம்.

பசு கழிக்கும் நைதரசனில் ஏறக்குறையப் பாதியும், பொற்றாசியத்திற் பெரும்பகுதியும் சிறுநீரிலேயே உள்ளன. வெறுநிலத்தில் அது வழிந்தோடிவிடும். வைக்கோல் அதனைப் பிடித்துவைக்கும். ஆகவே நனைந்த படுக்கை குப்பையன்று, பசளையாகும். இரசாயனப் பசளை இறக்குமதி 2021ஆம் ஆண்டிற் சில மாதங்கள் தடைப்பட்டபோது, எருக்குவியல் வைத்திருந்தவருக்கு மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்கு இடுவதற்கு ஏதேனும் இருந்தது.

அகற்றிய படுக்கையைச் சாணத்தோடு மேட்டிலே குவித்து, மழைநீர் புகாவண்ணங் கிடுகால் மூடுக. குவியல் நன்கு சூடேறினால் வைக்கோலோடு வந்த களைவிதைகள் பெரும்பாலும் அழியும். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை புரட்டுதல் வேண்டும். அருகிலே தென்னை நிற்குமாயின் புரட்டும்போது கவனித்துப் பார்க்க. காண்டாமிருக வண்டு எருக்குவியலிலேயே முட்டையிடும். அதன் தடித்த வெண்புழுக்களைப் பொறுக்கியெடுத்துக் கோழிகளுக்குப் போடலாம்.