‘தெரியும்’ என்பதைப் பிரெஞ்சில் சொல்வது எப்படி?

ஆங்கிலத்தில் ‘நோ’ என்னும் வினை எல்லாருக்கும் பழகிய சொல். ஆள், ஊர், செய்தி எதுவாயினும் அது ஒன்றே போதும். பிரெஞ்சு மொழியிலோ அதற்கு ‘சவ்வார்’, ‘கொனேத்ர்’ என இரு வினைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இட்டால் பெரும்பாலும் தொடர் பிழையாகும். ஆங்கில வழியே பிரெஞ்சு பயில்வோர் தடுமாறும் இடம் இது. நம் தமிழைத் துணைக்கொண்டால் இத்தடுமாற்றம் பெரிதும் நீங்கும்.

1. ஆளையும் இடத்தையும் அறிதல்: ‘அந்த ஆசிரியரைத் தெரியும்’, ‘பொத்தேரியைத் தெரியும்’ என்கிறோம். இவ்வாறு ஆளோ ஊரோ ‘ஐ’ உருபு ஏற்று வந்தால் கொனேத்ர். ‘எனக்குத் தெரியும்’ என்பது இங்கே ‘ஜ கொனே’ ஆகும்.

2. செய்தியை அறிதல்: ‘மின்சார ரயில் பொத்தேரியில் நிற்கும் என்று தெரியும்’, ‘அவர் வீடு எங்கே என்று தெரியும்’. இவ்வாறு ‘என்று’ வந்தால் சவ்வார்; அதாவது ‘ஜ சே’. கொனேத்ர் இவ்வகைத் தொடரை ஏற்காது.

3. கற்ற திறன்: ‘நீந்தத் தெரியும்’ என்பது ‘ஜ சே நாஜே’. ஆங்கிலத்தில் இதற்குப் பெரும்பாலும் ‘கேன்’ என்பர். கற்ற திறனுக்கும் அப்போது இயல்வதற்கும் அவர்களுக்கு அந்த ஒரே சொல். மாமல்லபுரத்து மீனவரோ, “எனக்கு நீந்தத் தெரியும், இன்று அலை பெரிது, நீந்த முடியாது” என்பார். பிரெஞ்சும் அப்படியே பிரிக்கிறது. தெரியும் என்பதற்குச் சவ்வார். முடியும் என்பதற்குப் புவ்வார்.

சில இடங்களில் இரண்டும் பொருந்தும். ‘பிரெஞ்சு தெரியும்’ என்பதற்கு எந்த வினையும் வரலாம். மனப்பாடமான பாடத்துக்கும் இரண்டும் வரும்.

தமிழும் பிரெஞ்சும் நேருக்கு நேர் சந்திப்பது புதிதன்று. புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் காலத்தில் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கம் பிள்ளை (1709–1761) தம் நாட்குறிப்பைத் தமிழிலேயே எழுதினார். பாதிரிமார் மூசே, துப்புயி இருவரும் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதியின் முதற்பகுதி 1855-இல் புதுச்சேரியில் அச்சாயிற்று. அதில் இடையே ஆங்கிலம் இல்லை.

தமிழ் வழியில் பயின்று வந்த மாணவர் பலர், ‘ஆங்கிலமே சரளமாக வரவில்லை, இன்னொரு மொழி எப்படி வரும்?’ என்று ஒதுங்குகின்றனர். அந்த அச்சம் வேண்டுவதில்லை. ஆங்கிலம் ஒன்றாக்கிய பொருள்களை நம் வீட்டில் பேசும் தமிழ் முன்பே பிரித்து வைத்திருக்கிறது. புதிய வினை ஒன்றைக் கற்கும்போது ஆங்கிலப் பொருளோடு நில்லாமல், ‘இதை நாம் தமிழில் எப்படிச் சொல்வோம்?’ என்றும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக!