குப்பையிலிருந்து எழுந்து நடந்தவன்

வீட்டில் மின்விசிறி பழுதானால் நாம் என்ன செய்வோம்? பழைய பொருள் வாங்க வருபவரிடம் கொடுத்துவிடுவோம்; இல்லையேல் குப்பைத் தொட்டியின் அருகில் வைத்துவிடுவோம். சீனத் தலைநகர் பெய்ஜிங்கின் புறநகரில் வாழும் வூ யூலூ என்ற விவசாயியின் கண்ணில் அது பட்டிருந்தால், அதன் மோட்டார் ஏதேனும் ஓர் இயந்திர மனிதனின் காலை அசைத்துக்கொண்டிருக்கும்.

வூ யூலூ தொடக்கப்பள்ளிக்கு மேல் படிக்காதவர். சிறுவயது முதலே மனிதர்கள் நடப்பதைக் கூர்ந்து கவனிப்பதில் அவருக்கு ஆர்வம் மிகுதி. நாள்தோறும் செய்வதால் நடப்பதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால், அஃது எளிய செயலன்று. எழுந்து நின்று வலக்காலை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். பாதம் தரையை விட்டு எழுவதற்கு முன்பே உங்கள் இடுப்பு இடப்பக்கம் நகர்ந்திருக்கும். உடலின் எடை முழுவதும் இடக்காலின்மேல் வந்தால்தான் வலக்காலைத் தூக்க முடியும். இடத்தோளும் இடப்பாதமும் சுவரை ஒட்டியிருக்க நின்றுகொண்டு மீண்டும் முயன்று பாருங்கள். இப்போது இடுப்பு நகர இடமில்லை, காலும் எழாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மோட்டார் வட்டமாகச் சுழலும். காலோ முன்னும் பின்னும் சென்றுவர வேண்டும். பாட்டி காலத்து மிதி தையல் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு விடை பாதி தெரிந்திருக்கும். மிதிபலகை மேலும் கீழும் அசைய, அதனோடு இணைந்த தண்டு பெரிய சக்கரத்தைச் சுழற்றும். இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். சுழலும் சக்கரத்தின் விளிம்பில் தண்டின் ஒரு முனையை இணைத்தால், மறுமுனை முன்னும் பின்னும் அசையும். அதில் காலைப் பொருத்தலாம். இரண்டாம் காலுக்குரிய தண்டை நேர் எதிர்ப்பக்கத்தில் இணைத்தால் கால்கள் மாறி மாறி அசையும். சொல்வதற்கு இவை சில வரிகள்தாம். செய்யும்போது தண்டின் நீளம் ஒரு விரற்கடை கூடினாலும் கால் தரையில் இடிக்கும்.

குப்பையில் கிடைத்த கம்பி, ஆணி, திருகாணி, பழைய மோட்டார் ஆகியவற்றைக் கொண்டே வூ இவ்வேலையில் இறங்கினார். 1986ஆம் ஆண்டில் அவருடைய முதல் இயந்திர மனிதன் நடந்தது. அதன்பின் உருவானவற்றுக்கு, பெற்ற பிள்ளைகளைப்போல், தம் குடும்பப் பெயரையே வரிசை எண்ணுடன் சூட்டினார்.

இதனால் அக்குடும்பம் பட்ட துன்பம் சிறிதன்று. உழைத்துச் சேர்த்த பணம் இயந்திரங்களுக்கே சென்றது, கடனும் ஏறியது. ஒருமுறை வீடே தீக்கிரையானது. மனைவி மனம் வெறுத்துப் பிரிந்து செல்லவும் எண்ணினார். வூவின் விடாமுயற்சியை மட்டும் புகழ்ந்துவிட்டு இப்பகுதியைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. எரிந்தது அவருடைய வீடு மட்டுமன்று. அவர் மனைவி மக்களின் வீடும்தான்.

ஆயினும், வூ நிறுத்தவில்லை. 2010ஆம் ஆண்டில், சாய் குவோ சியாங் என்ற புகழ்பெற்ற சீனக் கலைஞர், விவசாயிகள் உருவாக்கிய விமானங்களையும் நீர்மூழ்கிகளையும் திரட்டி ஷாங்ஹாயில் ஒரு கண்காட்சி நடத்தினார். அங்கு வூவின் இயந்திரங்கள் பார்வையாளர் முன்னிலையில் ஓவியம் தீட்டின.

அவருடைய படைப்புகளுள் பெரிதும் பெயர்பெற்றது ரிக்‌ஷா இழுக்கும் இயந்திர மனிதன். அதன் இரு கைகளும் வண்டியின் பிடிகளைப் பற்றியிருக்கும். ஒரு கால் மேலெழும்போது உடல் சாய்ந்துவிடாமல் வண்டி தாங்கிக்கொள்ளும். சற்றுமுன் நீங்கள் செய்துபார்த்த இடுப்பசைவு அதற்கு அவ்வளவாகத் தேவையில்லை! வூ பின்னால் அமர்ந்துகொள்ள, அஃது அடிமேல் அடிவைத்துச் சாலையில் நடக்கும். வூ யூலூ தன் தந்தை என்றும், அவரை வெளியே அழைத்துச் செல்வதாகவும் வழியில் காண்போரிடம் அறிவிக்கும்.