நீரிழிவும் கமக்காரரின் உணவும்

நீரிழிவு பட்டினத்தார்க்கும் செல்வர்க்கும் உரிய நோய் என்னும் எண்ணம் நம் கிராமங்களில் இன்னும் நிலவுகின்றது. இது பிழையான எண்ணமாகும். வடக்கு, கிழக்கு மாகாணங்கள் நீங்கலாக ஏனைய ஏழு மாகாணங்களிலும் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடாத்தப்பட்டது. 20 வயதும் அதற்கு மேலும் உடையோரிற் பத்துப் பேருக்கு ஒருவர் என்னும் அளவில் இந்நோய் அப்போது காணப்பட்டது. நாட்டுப்புறங்களை மட்டும் எடுத்து நோக்கியபோதும் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேர் நோயுடையராயிருந்தனர். அதனினும் கவலைக்குரியது யாதெனில், நோயுடையோரில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் தமக்கு நோயுண்டு என்பதையே அறியாதிருந்தமையாகும்.

நோய்க்கு மருந்து கொடுத்தல் வைத்தியரின் கடமை. அதுபற்றி இத்துண்டுப்பிரசுரம் பேச முற்படவில்லை. ஆயினும் அம்மருந்து முழுப் பயன் தருதல், நாள்தோறும் மூன்று வேளையும் உங்கள் கோப்பையில் விழும் உணவையும் பொறுத்தது. பட்டினத்தில் வாழ்பவர் கடையிற் கிடைப்பதை வாங்கி உண்கின்றார். நீங்களோ எந்த நெல்லை விதைப்பது, அதனை எவ்வளவு தீட்டுவது, மேட்டுநிலத்தில் எதைப் பயிரிடுவது, வளவில் எதை நடுவது என்பவற்றை நீங்களே தீர்மானிக்கின்றீர்கள். இந்த வாய்ப்பு மற்றையோர்க்கு எளிதிற் கிட்டாதது.

உழைப்பும் சோறும்

முன்னாளில் எருதுகளைக் கொண்டு உழுது, மண்வெட்டியால் வரம்பு கட்டி, கையால் நாற்று நட்டு, அரிவாளால் அறுத்து, சூடு மிதித்து நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தனர். அவ்வுழைப்புக்கு வேளைக்கு நான்கு தேநீர்க் கோப்பை அளவு சோறு மிகையன்று. உழைக்கும் தசைகள் குருதியிலுள்ள வெல்லத்தை எரிபொருளாக எடுத்துக்கொண்டன. இன்று உழவு இயந்திரம் உழுகின்றது. பெரிய இயந்திரமொன்று வயலில் இறங்கிச் சில மணி நேரத்திற் கதிரை அறுத்து நெல்லைச் சாக்கிற் கொட்டுகின்றது. கமக்காரர் வரம்பில் நின்று பார்க்கின்றார். சோற்றின் அளவோ தந்தையார் உண்ட அளவாகவே இருக்கின்றது. நம் கிராமங்களில் இந்நோய் பெருகுதற்கு இதுவும் ஒரு பெருங்காரணமாகும் என்பதை மறுப்பதற்கில்லை.

உணவு வெல்லமாகும் வகை

சோறு, பாண், பிட்டு, கிழங்கு ஆகிய யாவற்றிலும் மாப்பொருள் நிறைந்துள்ளது. அது குடலிற் சமிபாடடைந்து, குளுக்கோசு எனும் வெல்லமாகிக் குருதியிற் சேர்கின்றது. சதையி சுரக்கும் இன்சுலின் அவ்வெல்லம் உடற்கலங்களுக்குட் செல்ல உதவுகின்றது. இன்சுலின் குறைந்தாலும், சுரந்த இன்சுலின் செவ்வனே தொழிற்படாவிடினும், வெல்லம் குருதியிலேயே தேங்கி நிற்கும். இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடிப்பின் கண், சிறுநீரகம், இதயம், நரம்புகள் என்பன பழுதடையும். கால் நரம்பு உணர்விழந்த ஒருவர் சேற்றில் இறங்கி வேலை செய்யும்போது முள் தைத்ததையும் சிப்பி வெட்டியதையும் அறியமாட்டார். அப்புண் ஆறாமற் காலையே இழந்தோரும் உளர்.

இரவு முழுவதும் உண்ணாதிருந்து காலையிற் சோதிக்கும்போது, குருதியின் 100 மில்லிலீற்றரில் வெல்லம் 100 மில்லிகிராமுக்குக் குறைவாயிருத்தல் வேண்டும். 100 முதல் 125 வரையாயின் அஃது எச்சரிக்கை. உணவாலும் உடலுழைப்பாலும் நோய் வராது தடுத்துக்கொள்ளத் தக்க நிலை அதுவே. 126 அல்லது அதற்கு மேற்பட்ட அளவு மறுமுறை சோதித்தபோதும் காணப்படின் நீரிழிவு எனக் கொள்ளப்படும். அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சோதனைக்குக் கட்டணம் இல்லை.

உணவைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியவை இரண்டே: ஒரு வேளையில் எவ்வளவு மாப்பொருள் உட்செல்கின்றது என்பதும், அஃது எவ்வளவு விரைவாக வெல்லமாக மாறுகின்றது என்பதும் ஆகும்.

நெல்லைத் தீட்டுதல்

உமியை மட்டும் நீக்கிய அரிசியைச் சுற்றித் தவிட்டுப் படை உண்டு. நார்ப்பொருளும், தயமின் எனும் உயிர்ச்சத்தும், சிறிது எண்ணெயும் பெரும்பாலும் அப்படையிலும் முளையிலுமே அடங்கியுள்ளன. ஆலையில் வெண்மையாகத் தீட்டும்போது அரிசியின் நிறையில் நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு வரை தவிடாக நீங்கிவிடுகின்றது. அதனை மாட்டுக்கும் கோழிக்கும் இட்டுவிட்டு எஞ்சிய வெண்மையான மாப்பொருளை நாம் உண்கின்றோம். இவ்வகையில் நம் மாடுகள் நம்மிலும் நல்லுணவு பெறுகின்றன எனலாம்.

சிவப்பரிசி நல்லது எனப் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆயின் அரிசியின் சிவப்பு நிறம் தவிட்டுப் படையிலேயே உள்ளது. நிறம் மங்கும்வரை தீட்டிய சிவப்பரிசி பெயரளவிலேயே சிவப்பரிசியாகும். ஏ.ரீ. 362 ஆயினும், யாழ்ப்பாணத்து மொட்டைக்கறுப்பனாயினும், வீட்டுத் தேவைக்குரிய நெல்லை ஆலைக்குக் கொண்டு செல்லும்போது, உமி நீங்கினாற் போதும், அல்லது ஒருமுறை மட்டும் இலேசாகத் தீட்டுக என ஆலைக்காரரிடம் முன்னரே சொல்லுங்கள். சொல்லாவிடின் வழக்கம்போல் வெளுப்பாகவே தீட்டித் தருவார்.

நெல்லைப் புழுக்கி எடுத்தல் பின்னும் நன்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்துகளில் ஒரு பகுதி அரிசியினுட் செல்கின்றது. மாப்பொருளும் அவிந்து, பின் உலரும்போது இறுகுகின்றது. இதனாற் புழுங்கலரிசிச் சோறு பொதுவாகப் பச்சையரிசிச் சோற்றிலும் மெதுவாகச் சமிபாடடையும். நம் முன்னோர் இதன் காரணத்தை ஆராய்ந்து செய்தனரல்லர். வழக்கம் நல்ல வழக்கமாக அமைந்துவிட்டது. அதனைக் கைவிடாதிருத்தல் நலம்.

தீட்டாத அரிசியை நெடுநாள் வைத்திருத்தல் இயலாது. தவிட்டிலுள்ள எண்ணெய் கெட்டு நாற்றம் உண்டாகும். ஆதலால் வீட்டுக்குரியதை நன்கு உலர்த்தி நெல்லாகவே சேமித்து, இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது குற்றுவித்துக்கொள்ளுங்கள். சமைக்குமுன் சில மணி நேரம் ஊறவைத்தால் விறகும் நேரமும் மீதமாகும். வெள்ளைச் சோற்றுக்குப் பழகிய பிள்ளைகள் முதலில் முகஞ்சுளிப்பர். பாதிக்குப் பாதி கலந்து தொடங்கினால் ஒரு மாதத்திற் பழகிவிடுவர்.

எவ்வாறு தீட்டினும் சோறு சோறே என்பதை மறத்தலாகாது. ஒரு தேநீர்க் கோப்பை நிறைந்த சோற்றில் ஏறக்குறைய 40 கிராம் மாப்பொருள் உண்டு. நான்கு கோப்பை உண்பவர்க்கு ஒரே வேளையில் 160 கிராம் உட்செல்கின்றது. சிவப்பரிசியை அளவின்றி உண்பவர், வெள்ளையரிசியை அளவோடு உண்பவரிலும் நலமடைவார் என எண்ணுதல் வீண்.

கோப்பையை நிரப்பும் முறை

சாப்பாட்டுக் கோப்பையின் அரைப்பங்கைக் கீரையாலும் கிழங்கல்லாத மரக்கறியாலும் நிரப்புங்கள். காற்பங்கு மீன், முட்டை, பருப்பு, பயறு போன்ற புரத உணவாயிருக்கட்டும். எஞ்சிய காற்பங்கே சோற்றுக்குரியது. வயலில் நாள்முழுதும் உடலை வருத்தி உழைப்பவர்க்குச் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கும். வரம்பில் நின்று பார்த்த நாளில் அந்தக் கூடுதல் வேண்டியதில்லை. மரக்கறியையும் மீனையும் முதலில் உண்டு, பின்னர் சோற்றை உண்டால் வெல்லம் சற்று மெதுவாக ஏறும். உண்டபின் பாயில் சாயாமற் சிறிது நேரம் நடத்தலும் பயன் தரும்.

சோற்றுடன் உருளைக்கிழங்குக் கறி, மரவள்ளிக்கிழங்கு, பலாக்காய் ஆகியவற்றைச் சேர்த்து உண்டு, அவற்றை மரக்கறி என எண்ணுகின்றோம். அவையும் மாப்பொருளே. கிழங்கோ பலாக்காயோ அவித்து உண்ணும் நாளில் அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். ஒடியல் மாவும் இக்கணக்கிலே சேரும்.

குரக்கனும் பயறும்

நீரிழிவுடையோர் குரக்கனை எவ்வளவும் உண்ணலாம் என்பது ஒரு தவறான நம்பிக்கை. குரக்கனில் நார்ப்பொருளும், அரிசியிலும் பன்மடங்கு சுண்ணாம்புச் சத்தும் உண்டு, ஐயமில்லை. ஆயினும் அதன் பெரும்பகுதி மாப்பொருளேயாதலால் அளவு இதற்கும் வேண்டும். அதனை ஆக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. பொறியில் நுண்ணிதாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் விரைவிற் சமித்து வெல்லம் சடுதியில் ஏறும். திரிகையில் அரைத்த கரடான மாவைத் தேங்காய்ப்பூவுடன் பிட்டாகவோ உரொட்டியாகவோ ஆக்கி, கீரைக் கறியுடன் உண்டால் மெதுவாக ஏறும். மேட்டுநிலத்தில் விளைந்த குரக்கனை விற்றுவிட்டு, அப்பணத்துக்குக் கோதுமை மா வாங்கி வரும் குடும்பங்கள் பல. அக்கோதுமை பிறநாட்டிலிருந்து கப்பலில் வருவது. நம் நாட்டில் விளைவதன்று. ஆண்டுத் தேவைக்குரிய குரக்கனை முதலில் வீட்டுக்கு ஒதுக்கி, எஞ்சியதை விற்பனை செய்யுங்கள்.

பெரும்போக அறுவடைக்கும் சிறுபோகத்துக்கும் இடையில், வயலில் எஞ்சிய ஈரத்திற் பயறு விளைவித்தல் பல இடங்களிற் கைக்கொள்ளப்படும் முறையாகும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பலன் தரும். உலர்ந்த பயற்றின் 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. அவித்த பயற்றைத் தேங்காய்ப்பூவுடன் காலையுணவாக உண்பவர்க்குப் பாணும் சம்பலும் உண்பவரிலும் பசியும் தாமதித்தே வரும். கௌபிக்கும் இது பொருந்தும்.

சீனியும் பனங்கட்டியும்

ஒரு தேநீருக்கு இரண்டு கரண்டி சீனி இட்டு, நாளுக்கு ஐந்து தேநீர் அருந்துபவர் 40 கிராமுக்குக் குறையாத சீனியை உட்கொள்கின்றார். 25 கிராமுக்குக் கீழ் இருத்தல் நன்று என உலகச் சுகாதார தாபனம் 2015 இல் அறிவுறுத்தியது. பனங்கட்டியும் தேனும் தீங்கற்றவை எனக் கருதி, சீனியை விட்டு அவற்றை நாடுவோர் உளர். பனங்கட்டியிற் சில கனியுப்புகள் இருப்பினும் பெரும்பகுதி சீனியே. வெறுந்தேநீருடன் கடித்துக்கொள்ளும் சிறு துண்டு வேறு. பாகாக்கிப் பணியாரம் செய்தல் வேறு. விருந்தினர்க்குச் சீனி நிறைந்த தேநீர் கொடுத்தலே மரியாதை என்னும் எண்ணத்தையும் நாம் மாற்றிக்கொள்ளலாம். கரண்டியையும் சீனியையும் தனியே வைத்தால் அவரவர் தமக்கு வேண்டியதை இட்டுக்கொள்வர். மென்பானங்கள் தாகம் தீர்ப்பனவல்ல. வயலுக்குத் தண்ணீர் கொண்டு செல்லுங்கள். பழத்தைச் சாறாக்காமற் பழமாகவே, ஒரு வேளைக்கு ஒரு சிறு வாழைப்பழ அளவில் உண்ணுங்கள்.

வளவில் நடத்தக்கவை

முருங்கை, அகத்தி, பொன்னாங்காணி, வல்லாரை, முளைக்கீரை, பாகல், புடோல், வெண்டி, கத்தரி, பயற்றங்காய் என்பன கிணற்றடி நீரிலேயே விளையும். கோப்பையின் அரைப்பங்கு கடையிலிருந்து வரவேண்டுமாயின் அது நாள்தோறும் நடைபெறாது. வளவில் இருந்தாலே நடைபெறும். பாகற்காயும் கோவை இலையும் குருதியிலுள்ள வெல்லத்தைக் குறைக்கும் என்பர். கறியாகவும் வறையாகவும் தாராளமாக உண்ணுங்கள். அவற்றை நம்பி வைத்தியர் தந்த மாத்திரையை நிறுத்துவது பெரும் ஆபத்து.

மருந்தெடுப்போர்க்கு ஓர் எச்சரிக்கை

இன்சுலின் ஏற்றுவோரும் சிலவகை மாத்திரை எடுப்போரும், உணவருந்தாது விடியற்காலையில் வயலுக்குச் செல்லலாகாது. மருந்து தொழிற்பட, உணவின்றி உழைப்பும் சேர, வெல்லம் 70 மில்லிகிராமுக்குக் கீழிறங்கும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, திடீர்ப்பசி, தடுமாற்றம் என்பன இதன் அறிகுறிகள். வெயிலின் களைப்பெனக் கருதி நிழலிற் படுத்துவிடாது, மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்து உடனே குடித்தல் வேண்டும். பதினைந்து நிமிடத்திற் தெளிவு உண்டாகாவிடின் மீண்டும் அவ்வளவு குடித்து, பின்னர் உணவருந்துக. இவ்வொரு வேளையிற் சீனியே மருந்தாகும். ஒரு சிறு பொதியில் அதனை மடியிற் கட்டிச் செல்லுங்கள். மயங்கி விழுந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். உடன் வேலை செய்வோர்க்கு இதனை முன்னரே சொல்லிவையுங்கள்.