கருப்புக்கு நோய் வந்த கதை

கே: மனோதத்துவ த்ரில்லர் நாவல்களை டிவி தொடராக எடுப்பது எப்போது ஆரம்பித்தது? என் அப்பா சிப்காட்டில் இரவு ஷிப்ட் பார்த்தவர். 'விடாது கருப்பு' பார்க்க முடியாத வாரமெல்லாம் அம்மாவிடம் கதை கேட்டுக்கொள்வாராம். அது பேய்க்கதைதானே?
- வாசகி, கும்மிடிப்பூண்டி

ப: பேய்க்கதை இல்லவே இல்லை! ஏறக்குறைய முப்பது வருடமாக நடமாடும் இந்தப் பேச்சுக்கு முதலில் முடிவு கட்டிவிடலாம். தப்பு செய்தவனை ராத்திரியில் காவல் தெய்வமான கருப்பு வந்து தண்டிக்கிறது என்று ஊரே நம்புகிறது. கடைசியில் பார்த்தால், நடந்ததற்கெல்லாம் காரணம் ஒரு மனித மனம். இரண்டாகப் பிளந்துபோன மனம். யாருடையது என்று சொல்ல மாட்டேன், இனிமேல்தான் பார்க்கப்போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' நாவல்தான் மூலம். நாகா இயக்கினார், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்தது, 'மர்மதேசம்' வரிசையில் சன் டிவியில் வந்தது. பிளந்த மனம் என்ற சரக்கு மேல்நாட்டிலும் உண்டு. ராபர்ட் பிளாக்கின் 'சைக்கோ' 1959-ல் வந்தது. அதில் வரும் மோட்டல்கார இளைஞனை வைத்து 2013-ல் ஒரு டிவி தொடரே கிளம்பியது. ஆனால் அவன் செத்துப்போன அம்மாவுக்குப் பின்னால் ஒளிகிறான். இங்கே நோயாளி ஒளிவது காவல் தெய்வத்துக்குப் பின்னால். சாமி தண்டித்தது என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டால் போலீஸுக்கு யார் சாட்சி சொல்வார்கள்? இதைவிடப் பத்திரமான ஒளிவிடத்தை எந்த வெள்ளைக்கார எழுத்தாளரும் யோசித்ததில்லை. 2024 நவம்பரில் காலமான இந்திரா சௌந்தர்ராஜனுக்கு நாம் இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை என்பது என் கட்சி.

கே: ஆரம்பம் எப்போது என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லையே?
- அதே வாசகி

ப: டிவிக்கு ரொம்ப முன்பே, வாரப் பத்திரிகையில்! திகிலின் தாய்வீடு 'தொடரும்' என்ற சொல்தான் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன். வில்கி காலின்ஸின் 'தி வுமன் இன் ஒயிட்' 1859 நவம்பரில் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடங்கியது. நல்ல புத்தியோடு இருக்கும் பெண்ணை மனநல விடுதியில் அடைத்து, அவள் பேரையே பிடுங்கிக்கொள்ளும் கதை. பிபிசி அதைத் திரும்பத் திரும்பத் தொடராக எடுத்தது, கடைசியாக 2018-ல்.

இப்போதோ அந்த 'தொடரும்' போய்விட்டது. அமெரிக்க எழுத்தாளர் பேட்ரீஷியா ஹைஸ்மித் 1955-ல் எழுதிய த்ரில்லர் நாவலை 2024-ல் 'ரிப்ளி' என்று எடுத்து, எட்டுப் பகுதிகளையும் நெட்ஃப்ளிக்ஸ் ஒரே நாளில் கொட்டியது. எட்டு வாரம் சாப்பிட வேண்டியதை ஒரே ராத்திரியில் விழுங்கினால் பயம் எங்கே தங்கும்? உங்கள் அப்பா ஒரு வாரம் தவறவிட்டு, அம்மா வாயால் கதை கேட்டாரே, அதுதான் திகில். அம்மா சொந்தமாக இரண்டு கொலை சேர்த்துச் சொல்லியிருப்பார், விசாரித்துப் பாருங்கள்.

கே: எங்கள் பக்கம் கருப்பு கோயிலை அதிகம் காணோமே, ஏன்?
- வாசகர், ஆரம்பாக்கம்

ப: கருப்பின் ஆட்சி பெரும்பாலும் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம். உங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையத்தம்மன் கொடி பறக்கிறது. எல்லைக் காவலை முனீஸ்வரன் பார்த்துக்கொள்கிறார். வட மாவட்டத்தில் பல வீடுகளுக்குக் கருப்பை அறிமுகம் செய்துவைத்தது டிவிதான். முனீஸ்வரனை வைத்து அப்படி ஒரு நாவல் எழுத உங்கள் ஊரில் ஆள் இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். வாரம் ஓர் அத்தியாயம்தான், மொத்தமாக வேண்டாம்!